பத்து இருபதுக்கு வருகிறவர்கள்

எங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளியில் வரலாறு குரூப்பை இந்த வருஷச் சேர்க்கையோடு மூடிவிடலாம் என்று கூட்டம் போட்டுத் தீர்மானம் எழுதி, கையெழுத்தும் வாங்கி, வடையும் டீயும் சாப்பிட்டு எல்லோரும் வாயைத் துடைத்துக்கொண்டு கலைந்த வியாழக்கிழமைக்கு மறுநாள், காலை பத்து மணி இருபது நிமிஷத்துக்கு, தெற்குக் காலனி முனையிலிருந்து இருபத்துமூன்று பேர் ஆளுக்கொரு வெறும் மண்பானையைத் தூக்கிக்கொண்டு ஒற்றை வரிசையில் நடந்து வந்தார்கள். பதினாறு பெண்கள், ஆறு ஆண்கள், வரிசையின் கடைசியில் ஏழு வயசு மதிக்கத்தக்க ஒரு சிறுமி. ஒருவர் காலிலும் செருப்பு இல்லை. ஒருவரையும் எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. கல்யாண மண்டபத்தில் ஏதோ ஷூட்டிங் என்று நினைத்து நாங்கள் எங்கள் வேலையைப் பார்த்தோம்.

அவர்கள் பஜார் வழியாக, செல்போன் கடையையும் புரோட்டாக் கடையையும் தாண்டி, பஸ் ஸ்டாண்டுக்குள் போய், பாபநாசம் பஸ் நிற்கிற இடத்தில் தார்த் தரைக்குள் இறங்கினார்கள். சரிவில் இறங்குகிறவர்கள் மாதிரி முதலில் பாதம், பிறகு கணுக்கால், பிறகு முழங்கால் என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தாருக்குள் போய், குனிந்து பானையை முக்கி எடுத்தார்கள். பானை நிறையத் தண்ணீர். பூவாணிக்குளம் என்று ஊர்ப் பெயரில் குளம் இருக்கிறதே தவிர ஊரில் குளம் கிடையாது. அதை அறுபது வருஷத்துக்கு முன்னால் தூர்த்துத்தான் பஸ் ஸ்டாண்டு கட்டினோம், அப்போதும் வடை டீ உண்டு. நிறைந்த பானையோடு அவர்கள் வந்த வழியே திரும்பி நடந்து, தேரடி முக்குக்கு வந்ததும், யாரும் தொடாமல், யாரும் எதுவும் செய்யாமல், முதல் பெண்ணின் தலையிலிருந்த பானை அந்தரத்தில் உடைந்தது. அடுத்து இரண்டாவது ஆளுடையது. இப்படி வரிசையாக இருபத்துமூன்று பானையும் உடைந்து, ரோடெல்லாம் தண்ணீரும் ஓட்டுச் சில்லுமாக ஆனபிறகு, அவர்கள் ஈரத் துணியோடு காலனி முனை வரைக்கும் நடந்து போய் அங்கே இல்லாமல் போனார்கள்.

மறுநாளும் வந்தார்கள். அதற்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அன்றைக்கும் வந்தார்கள்.

எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எது நடந்தாலும் மூன்று நாள் வாய் பிளப்போம், நாலாவது நாள் அதற்குத் தகுந்த மாதிரி நேரத்தை மாற்றிக்கொள்வோம். பத்து இருபத்தைந்து பாபநாசம் பஸ் பத்து நாற்பத்தைந்துக்குப் போனது. தேரடி முக்கில் பூ விற்கிறவள் நனையாமல் இருக்கக் கடையை நாலடி தள்ளிப் போட்டாள். போனில் படம் பிடித்தவர்களுக்கு ஈர ரோடு மட்டும்தான் விழுந்தது, அதனால் வெளியூர்க்காரன் எவனும் நம்பவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை. அவர்கள் யாரையும் இடிப்பதில்லை. எதிரே ஆள் வந்தால் உடனே ரோட்டை விட்டு இறங்கி, சாக்கடையில் கால் வைத்து, தலை குனிந்து நின்று, ஆள் போனபிறகு ஏறி வருவார்கள். "எம்புட்டு மரியாதை பாத்தீரா, இந்தக் காலத்துப் பிள்ளைகளும் இருக்கே!" என்று பெரியவர்கள் மெச்சினார்கள். நானும் மெச்சினேன்.

இரண்டாவது வாரம் யாரோ ஒருத்தருடைய மாமியார் அந்தத் தண்ணீரை மிதித்ததில் முழங்கால் வலி போய்விட்டது என்று செய்தி வந்தது. அவ்வளவுதான். ரைஸ்மில் சங்கரபாகம் அண்ணாச்சி தலைமையில் கமிட்டி அமைந்து, வந்தவர்கள் யார் என்பதற்கு ஒரே கூட்டத்தில் முடிவும் ஆனது. அந்தக் காலத்தில் கும்பாபிஷேகத்துக்குத் தீர்த்தம் சுமந்த நம் முன்னோர்கள் அவர்கள், நேர்த்திக்கடன் நிறைவேறிய சந்தோஷத்தில் பானையை உடைக்கிறார்கள், நம் பக்தியைப் பார்த்துத் திரும்பி வந்திருக்கிறார்கள். இதைச் சொல்லும்போது அண்ணாச்சிக்குக் கண் கலங்கியது. உண்மையாகவே கலங்கியது, அதில் நடிப்பு இல்லை.

கூட்டத்தின் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்த தெற்குக் காலனி டெய்லர் மாசானம் மட்டும் கையைத் தூக்கினார். "அண்ணாச்சி, அது எங்க ஆளுக. எங்க ஆச்சி சொல்லிக் கேட்டிருக்கேன். அது நேர்த்திக்கடன் இல்ல, கல்லெறிஞ்சு உடைச்சது."

"கல்லு எங்கடே? நீ பாத்தியா?" என்றார் அண்ணாச்சி.

"கல்லு தெரியல. எறிஞ்சவங்க வரலல்லா, நடந்தவங்க மட்டுந்தானே வாராங்க."

"எழுத்துல ஏதாச்சும் இருக்கா? ஆதாரம்?"

மாசானத்திடம் எழுத்து இல்லை. "பக்தியில அரசியலக் கொண்டாராதப்பா" என்று நாலு பேர் சொன்னார்கள். அவர் கடையைத் திறக்கப் போய்விட்டார். அன்றிலிருந்து காலை பத்து இருபது ஆனால் காலனியில் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள் என்பதை நாங்கள் கவனித்தோம், மரியாதைக்காக என்று நினைத்துக்கொண்டோம்.

பானை உடைக்கும் வேண்டுதல் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் ஒரு பானை வாங்கி வந்து தேரடி முக்கில் போட்டு உடைத்தோம். தள்ளி நின்று கல்லால் எறிந்து உடைத்தால் பலன் அதிகம் என்று பிறகு யாரோ சொன்னார்கள். அப்புறம் ரோட்டுக்குக் குறுக்கே கயிறு கட்டிப் பானைகளைத் தொங்கவிட்டு, அவர்கள் அந்த இடத்தைக் கடக்கிற அதே நிமிஷத்தில், ரோட்டின் இரண்டு பக்கமும் வரிசையாக நின்று, மஞ்சள் தடவிய கல்லை எறிய ஆரம்பித்தோம். கல் அவர்கள் மேல் படாது என்று கமிட்டி சொல்லியிருந்தது. நான் இரண்டு பானை உடைத்தேன், ஒன்று என் மூலத்துக்கு, மற்றது என் மகனுடைய பாஸ்போர்ட்டுக்கு. இரண்டும் பலித்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப் போகிறது.

இனி பிரம்மசக்திக்கு வருகிறேன். கம்பவுண்டர் வீட்டு உலகம்மாளின் ஒரே மகள். கம்பவுண்டர் என்றால் உலகம்மாளின் தாத்தா. வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் ஊர் தர்ம ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுத்தவர், தொப்பியோடு அவர் நிற்கிற படம் அந்த வீட்டுச் சுவரில் இருக்கிறது. அந்த ஒரு பேரைத் தவிர வீட்டில் வேறு சொத்தில்லை. புருஷன் போனபிறகு உலகம்மாள் பீடி சுற்றித்தான் மகளைப் படிக்கவைத்தாள். மகள் நர்ஸாக வேண்டும், கம்பவுண்டர் வீட்டில் மறுபடி ஒரு வெள்ளைக் கோட்டு மாட்ட வேண்டும் என்பது அவள் ஆசை. மகளுக்கோ பத்தாம் வகுப்பில் கணக்கு காலை வாரிவிட்டது. வரலாறு குரூப்பில் மட்டும் இடம் இருந்தது. இருந்தது என்ன, எல்லா இடமும் காலியாகத்தான் இருந்தது. மூடப்போகிற அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான்.

ஒருத்தியே ஆனாலும் ஜெபராணி டீச்சர் தினமும் வருகைப் பதிவேட்டைத் திறந்து, கண்ணாடியை மாட்டி, நாற்பது பேர் இருக்கிற வகுப்பில் கூப்பிடுகிற சத்தத்தில் "பிரம்மசக்தி!" என்பார்.

"உள்ளேன் டீச்சர்."

பதிவேட்டை மூடி நோட்ஸ் சொல்ல ஆரம்பிப்பார். மாடி வகுப்பு அது. ஜன்னலுக்கு நேர் கீழே தேரடி முக்கு, ஒரு பக்கம் பஸ் ஸ்டாண்டு. பத்து இருபதுக்கு டீச்சர் டீ குடிக்கப் போய்விடுவார், பிள்ளை ஜன்னலில் நிற்கும். வேறு பார்க்க எதுவும் இல்லாததால் தினமும் அதையே பார்த்தது. தினமும் ஒன்றையே பார்த்தால் சில விஷயம் கண்ணில் படும்போலிருக்கிறது. நாங்களும் தினமும்தான் பார்த்தோம், ஆனால் கல் கையில் இருந்ததால் பானையை மட்டும் பார்த்தோம்.

அவள் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தாள். தார்த் தரைக்குள் இறங்கும்போது யாரும் படி இறங்குகிற மாதிரி கால் மாற்றவில்லை, சரிவில் இறங்குகிற மாதிரி இறங்குகிறார்கள். பானை உடைவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே தோளைக் குறுக்குகிறார்கள். முதல் பெண் பானை உடைந்தபிறகு வலது புருவத்தைப் பொத்திக்கொள்கிறாள். கடைசிச் சிறுமி தேரடி முக்கு வருமுன்பே முழங்கையை மடக்கி முகத்துக்கு முன்னால் வைத்துக்கொள்கிறாள். நேர்த்திக்கடன் செலுத்துகிற குழந்தை எதற்கு முகத்தை மறைக்கிறது?

டீச்சரிடம் காட்டினாள். டீச்சர் இரண்டு தடவை வாசித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா பப்ளிக்ல வராது" என்றார்.

வருஷம் திரும்பியது. அவர்கள் வந்த முதல் நாளைத் திருவிழாவாகக் கொண்டாடுவது என்றும், அன்றைக்கு முதல் கல்லை எறிகிற பாக்கியம் யாருக்கு என்று திருவுளச்சீட்டு எடுப்பது என்றும் கமிட்டி முடிவு செய்தது. முதல் கல் எறிகிற வீடு என்ன கேட்டாலும் நடக்கும் என்று பேச்சு. நானூற்றுச் சொச்சம் சீட்டில் கம்பவுண்டர் வீட்டு உலகம்மாள் பேர் வந்தது. தேரடி முக்கில் நின்றபடியே அவள் அழுதுவிட்டாள். மகள்தான் எறிய வேண்டும், நர்ஸிங் சீட்டுக்கு வேண்டிக்கொண்டு எறிய வேண்டும் என்று அங்கேயே சொன்னாள்.

திருவிழாவுக்கு வீட்டை வெள்ளையடித்தார்கள். பீரோவை நகர்த்தியபோது அதன் குட்டைக் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்த கனத்த நோட்டு ஒன்று வெளியே வந்தது. பிரம்மசக்தி பிறந்ததிலிருந்து அது அங்கேதான் கிடந்தது, அவள் அம்மா பிறந்ததிலிருந்தும் அங்கேதான். அழுக்கைத் துடைத்தால் தர்ம ஆஸ்பத்திரிக் காயப் பதிவேடு. பக்கம் பக்கமாகப் பாம்புக்கடி, மாடு முட்டியது, பனையிலிருந்து விழுந்தது என்று கம்பவுண்டரின் அழகான கையெழுத்து. நடுவில் ஒரே தேதியில் ஒன்றரைப் பக்கத்துக்கு இருபத்துமூன்று பேர். பேர், தகப்பன் அல்லது புருஷன் பேர், வயசு, தெற்குச் சேரி, காயம் எங்கே எத்தனை அங்குலம். கடைசிக் கட்டத்தில், காயத்துக்குக் காரணம் என்ற இடத்தில், இருபத்துமூன்று தடவையும் ஒரே வரி: குளத்துப் படிக்கட்டில் வழுக்கி விழுந்தது.

முதல் பேர் காசியம்மை. வலது புருவம், ஒரு அங்குலம்.

பிள்ளை நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஈரச் சுண்ணாம்புச் சுவரில் சாய்ந்துவிட்டாள், சட்டையெல்லாம் வெள்ளை. உலகம்மாள் பீடித் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். வாசித்துக் காட்டியதும் இலையை வெட்டிக்கொண்டே, "சரி, வழுக்கி விழுந்திருக்காவ. தாத்தா மருந்து போட்டிருக்காரு. நல்ல காரியந்தானே" என்றாள்.

"இருபத்திமூணு பேரும் ஒரே நாள்லயாம்மா வழுக்கி விழுவாக?"

"பாசி புடிச்ச படியா இருக்கும்."

"குளத்துக்குப் படியே இல்லம்மா. தினமும் இறங்குதாகல்லா, பாத்திருக்கியா நீ? சரிவுல இறங்குத மாதிரிதான் இறங்குதாக. தாத்தா பொய் எழுதியிருக்காரு."

உலகம்மாளின் கத்தரி நின்றது. "ஊருக்கு முன்னால இதச் சொல்லப் போறியாட்டி? நான் எந்த வீட்டுப் பிள்ளைன்னு சொல்லிக்கிட்டு இம்புட்டு நாள் தலை நிமிந்து நடந்தேன், அதுவும் வேண்டாங்கியா? நமக்குன்னு இருக்கது அந்த ஒரு பேருதான்."

"பொய் ஒரு வரிதாம்மா. பேரு, வயசு, காயம் எல்லாம் நெசம். அந்த ஒரு வரியப் பொய்யா எழுதலன்னா மத்தத எழுதவே விட்டிருக்க மாட்டாகளோ என்னமோ. நோட்ட ஆஸ்பத்திரில விட்டுட்டு வராம வீட்டுக்குக் கொண்டாந்திருக்காரே, அது ஏன்?"

"எனக்குத் தெரியாது. நீ கல்ல எறி, நர்ஸாகு. எனக்கு அது போதும்."

பிரம்மசக்திக்கு ஊரைவிட அம்மாவிடம்தான் பயம். அம்மாவின் விரல் நுனியெல்லாம் பீடித் தூளில் வெடித்திருப்பதை அவள் பார்த்தே வளர்ந்தவள். அந்த விரல் இந்த ஒரு கல்லை மட்டும்தான் கேட்டது. எறிந்துவிட்டு வந்துவிடலாம் என்றுகூட நினைத்திருக்கிறாள், பின்னால் என்னிடமே சொன்னாள். ஆனாலும் சாயங்காலம் நோட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு காலனிக்குப் போய், மாசானத்தின் கடையில் நின்றாள்.

மாசானம் தையல் மெஷினை நிறுத்தாமல் கேட்க ஆரம்பித்தவர், காசியம்மை என்ற முதல் பேரிலேயே மிதிப்பதை நிறுத்திவிட்டார். "எங்க ஆச்சிக்க அம்மா" என்றார். முழுவதும் வாசித்து முடித்ததும், "இன்னொரு தரம் வாசிம்மா" என்றார். இரண்டாவது தடவை வாசிக்கும்போது கடை வாசலில் கூட்டம் கூடியிருந்தது. "எங்களுக்கு ரெண்டு மூணு பேருதான் தெரியும். மிச்சப் பேரக் கூப்பிட ஆளே இல்லாமப் போச்சு, தொண்ணூறு வருஷமா" என்றார் அவர். கடைசி வரி வந்ததும் அவள் நிறுத்தினாள். பெண் குழந்தை, வயசு சுமார் ஏழு, நெற்றி, அரை அங்குலம். பேர் எழுத வேண்டிய இடத்தில் ஒரு கோடு.

"அந்தக் குடும்பம் மறுவாரமே கொழும்புக்குக் கப்பலேறிட்டாம். ஆச்சி சொல்லுவா. பேரு சொன்னதில்ல" என்றார் மாசானம்.

திருவிழா அன்று தேரடி முக்கில் பந்தல், மேளம், மைக்செட். தெற்கே ரோட்டோரத்தில் காலனி ஆட்கள் வந்து நின்றார்கள். பத்து இருபதுக்கு அவர்கள் கதவைத் திறந்து வந்தது அதுதான் முதல் தடவை. அண்ணாச்சி மஞ்சளும் குங்குமமும் தடவிய உருண்டைக் கல்லைத் தாம்பாளத்தில் வைத்து நீட்ட, பிரம்மசக்தி எடுத்துக்கொண்டாள். பக்கத்தில் உலகம்மாள் பட்டுச்சேலை கட்டி, கயிற்றில் மாட்டவேண்டிய பானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிர் வரிசையில் நான் நின்றேன், மூன்றாவது வேண்டுதலுக்காக, என் கையில் ஒரு கல். பஸ் ஸ்டாண்டிலிருந்து நிறைந்த பானைகளோடு வரிசை திரும்பி வந்துகொண்டிருந்தது.

"வேண்டிக்கிட்டு எறி தாயி" என்றார் அண்ணாச்சி.

அவள் கல்லை அம்மா கையிலிருந்த பானைக்குள் போட்டாள். துணிப்பையிலிருந்து நோட்டை எடுத்து, பிரித்து, மைக்கில் ஜெபராணி டீச்சர் கூப்பிடுகிற அதே சத்தத்தில் கூப்பிட்டாள். "காசியம்மை! புருஷன் பேர் மாடன். வயசு முப்பது. வலது புருவத்தில் வெட்டு, ஒரு அங்குலம்."

முதல் பெண் நின்றாள். ஒரு வருஷமாக ஒரு நாளும் அந்த வரிசை எதற்காகவும் நின்றதில்லை. அவள் தலையைத் தூக்கி, சத்தம் வந்த திசையைப் பார்த்தாள். அப்போதுதான் நாங்கள் அவள் முகத்தை முழுசாகப் பார்த்தோம், அதுவரைக்கும் குனிந்த தலையைத்தானே பார்த்திருந்தோம். அவள் தேரடி முக்கைக் கடந்தாள். பானை உடையவில்லை.

"சடைச்சி! தகப்பன் பேர் முண்டன். வயசு பத்தொன்பது. இடது தோள்."

"என்னட்டி வாசிக்கே? நிறுத்து!" என்று யாரோ கத்தினார்கள். மைக்கை அணைத்தார்கள். அவள் மைக் இல்லாமல் வாசித்தாள். இருளாண்டி. பூலாத்தி. கருத்தான். மாடத்தி. பத்தாவது பேருக்குத் தொண்டை கட்டிக்கொண்டபோது மாசானம் ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்து, கடையில் கேட்டு மனசில் ஏற்றி வைத்திருந்த பதினொன்றாவது பேரைச் சொன்னார், பிறகு காலனியே சேர்ந்து சொன்னது, ஒவ்வொரு பேருக்கும் ஒரு ஆள் நின்று, தலை தூக்கி, நடந்து, நிறைந்த பானையோடு போய்க்கொண்டேயிருக்க, இருபத்திரண்டு பானையும் ஒரு சொட்டுச் சிந்தாமல் தேரடி முக்கைத் தாண்டியது.

கடைசியாகச் சிறுமி வந்தாள். பிரம்மசக்தி நோட்டைப் பார்த்தாள். கோடுதான் இருந்தது. "பாப்பா" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். சிறுமி முழங்கையை மடக்கி முகத்துக்கு முன்னால் வைத்தாள். பானை உடைந்தது.

உடைந்த தண்ணீர் பக்கத்தில் நின்ற உலகம்மாள் மேல்தான் கொட்டியது. பட்டுச்சேலை நனைந்து நின்றவள், ஊர் முன்னால், யாரைப் பார்த்தும் இல்லாமல், "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல தாத்தா" என்றாள். "காயத்த அளந்து எழுதத் தெரிஞ்சிச்சே. உன் பேரென்னட்டின்னு அந்தப் பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல." கையிலிருந்த பானையைத் தரையில் இறக்கி வைத்தாள். உள்ளே கல் உருண்ட சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

சங்கரபாகம் அண்ணாச்சி நோட்டை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நல்ல மனுஷர்தான், கோபம்கூட இல்லை, பிடிக்க ஒரு கொம்பு தேடினார். "படிக்கட்டுல வழுக்கி விழுந்ததுன்னுல்லா போட்டிருக்கு. கல்லெறிஞ்சதுன்னு எங்க இருக்கு?"

"குளத்துக்குப் படி ஏது அண்ணாச்சி? தினமும் பாக்கீகல்லா?" என்றாள் பிரம்மசக்தி.

நாங்கள் எல்லோரும் பஸ் ஸ்டாண்டைத் திரும்பிப் பார்த்தோம். முந்நூற்று அறுபத்தைந்து நாள் பார்த்தது ஒவ்வொருவர் கண்ணிலும் வந்துபோனது, பாதம், கணுக்கால், முழங்கால். அப்புறம் எதிரே வந்தவனுக்கு வழிவிட்டுச் சாக்கடையில் இறங்கி நின்றதும் வந்துபோனது. அதை மரியாதை என்று மெச்சியவர்கள் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. என் கையில் கல் இருந்தது. மஞ்சள் வியர்வையில் கரைந்து ரேகையெல்லாம் ஏறியிருந்தது. எறிந்தவர்கள் ஒருவரும் திரும்பி வரவில்லை என்று மாசானம் சொன்னாரே, அவர்கள் நின்ற இடத்தில்தான், அதே நேரத்துக்கு, ஒரு வருஷமாக நாங்கள் பக்தியோடு வந்து நின்றிருக்கிறோம். கல்லை எங்கே போடுவதென்று எனக்குத் தெரியவில்லை. கீழே போட்டால் சத்தம் கேட்கும். கடைசியில் வேட்டியில் முடிந்து வீட்டுக்குக் கொண்டு வந்தேன், இப்போதும் அது பீரோவில்தான் இருக்கிறது.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். கமிட்டி கலைந்தது, கயிற்றை அவிழ்த்தார்கள். மறுநாள் பத்து இருபதுக்கு அவர்கள் மறுபடி வந்தார்கள். யாரும் வாசிக்கவில்லை. இருபத்துமூன்று பானையும் உடைந்தது.

அதற்கு மறுநாள் பிரம்மசக்தி போய் நின்று வாசித்தாள், இருபத்திரண்டு பானை தப்பியது. அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது, இது ஒரு தடவை வாசித்துவிட்டு முடித்துக்கொள்கிற காரியம் இல்லை என்று. நாலாவது நாளிலிருந்து ஊர் வழக்கம்போலத் தன் நேரத்தை மாற்றிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் பத்து இருபது பீரியடை வரலாற்றுக்கு ஒதுக்கினார்கள். தீர்மானத்தை ரத்து செய்து இன்னொரு தீர்மானம் போட்டார்கள், மறுபடி வடை டீ. அடுத்த ஜூனில் குரூப்பில் பத்தொன்பது பேர் சேர்ந்தார்கள். அதில் நாலு பேர் கணக்கில் நல்ல மார்க் எடுத்தவர்கள், வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்தவர்கள். ஜெபராணி டீச்சர் பதிவேட்டைத் திறந்து பத்தொன்பது பேரையும் அதே சத்தத்தில்தான் கூப்பிட்டார்.

லீவு நாளில் தெருவுக்கு ஒரு வீடாக முறை வைத்து வாசிக்கிறோம். என் முறைக்கு நானும் வாசித்திருக்கிறேன். பிள்ளைகள் சில நாள் சலித்துக்கொள்ளும். "தெனமும் இதயே வாசிக்கணுமா டீச்சர், ஒருக்கா வாசிச்சது மறக்கவா போகுது?" என்று ஒரு பையன் கேட்டான். காலாண்டுப் பரீட்சை அன்று எல்லோரும் கேள்வித்தாள் மும்முரத்தில் இருந்துவிட்டார்கள். கீழே வரிசையாக உடைகிற சத்தம் பரீட்சை ஹாலுக்குள் கேட்டது. அந்தப் பையன் பேனாவை வைத்துவிட்டு எழுந்து ஓடினான், அவன் மாடியிலிருந்து இறங்குவதற்குள் பதினேழு உடைந்துவிட்டது. அதற்கப்புறம் அவன் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

பிரம்மசக்தி இப்போது திருநெல்வேலியில் வரலாறு பி.ஏ. படிக்கிறாள். லீவு கிடைத்தால் ஆவணக் காப்பகங்களுக்குப் போகிறாள், கொழும்புக்குப் போன கப்பல்களின் பயணிகள் பட்டியலைத் தேடுகிறாள், தெரியாதவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதுகிறாள். ஏதாவது ஒரு பேர் அகப்பட்டால் போன் பண்ணிச் சொல்கிறாள், மறுநாள் பத்து இருபதுக்குப் பிள்ளைகள் அந்தப் பேரைக் கூப்பிட்டுப் பார்க்கிறார்கள். கூப்பிட்ட பேர்களை எழுதி வைக்க ஒரு நோட்டு போட்டிருக்கிறார்கள். அதில் அறுபத்தெட்டுப் பேர் அடித்துக் கிடக்கிறது.

உலகம்மாள் தினமும் பீடித் தட்டை இறக்கிவைத்துவிட்டுத் தேரடி முக்குக்கு வருகிறாள். இருபத்திரண்டு பேரும் கடந்தபிறகு ரோட்டில் இறங்கி, சிறுமியின் உயரத்துக்குக் குனிந்து, "உன் பேரென்னட்டி?" என்று கேட்கிறாள். பிள்ளை முழங்கையை மடக்குகிறது. உலகம்மாள் நகர்வதில்லை, தண்ணீர் தன்மேல் கொட்டும் வரைக்கும் குனிந்தேதான் நிற்கிறாள்.

இன்றைக்குக் கூப்பிட்ட பேர் செல்லத்தாய். அதுவும் இல்லை.